நீலகிரியில் கனிம மாதிரி சேகரிப்பது எப்படி: தேவாலா வெள்ளைக்கல் முதல் கோத்தகிரி கார்னெட் வரை

நீலகிரியில் கல் சேகரிக்க வேண்டுமென்றால் நீங்கள் தோண்ட வேண்டியதில்லை, தோண்டவும் கூடாது. வீடு கட்ட அஸ்திவாரம் எடுக்கிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள், சாலையை அகலப்படுத்துகிறார்கள், மழையில் சரிந்த மண்ணை ஜேசிபி வைத்து அள்ளிக் கொட்டுகிறார்கள். இப்படி மற்றவர்கள் உடைத்துப் போட்ட கல்லிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான் இந்த மாவட்டத்தில் சட்டத்துக்கும் உயிருக்கும் பாதகமில்லாத வழி. நல்ல மாதிரிகளும் அங்கேதான் கிடைக்கும். மலையின் மேல்தோல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிச் செம்மண்ணாகிக் கிடக்கிறது. வெளியே தெரியும் பாறையைவிட, ஜேசிபி அடியிலிருந்து புரட்டிப் போட்ட கல் எப்போதும் புதிதாக இருக்கும்.

எந்தப் பக்கம் என்ன கிடைக்கும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி இருக்கும் உயர்ந்த பீடபூமி முழுக்கப் பெரும்பாலும் சார்னகைட் என்ற கடினமான பாறை. சுமார் 250 கோடி ஆண்டு பழமையான பாறை. தொட்டபெட்டாவும் அதுதான். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலந்து 1893-ல் இந்தப் பெயரை வைத்தார். புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மினுங்கும். உள்ளே நீலச் சாயல் கொண்ட குவார்ட்ஸ், பச்சைச் சாம்பல் ஃபெல்ட்ஸ்பார், வெண்கலப் பளபளப்புள்ள ஹைப்பர்ஸ்தீன், பல இடங்களில் சிவப்புக் கார்னெட் என்று பல கனிமங்கள் இருக்கும். உச்சிகளில் லேட்டரைட்டும் (செம்புரைக்கல்) ஆங்காங்கே பாக்சைட்டும் (அலுமினியத் தாது) உண்டு. சார்னகைட்டை வெட்டி, சுவர்போல் ஓடும் டோலரைட் என்ற கருப்புப் பாறையும் தென்படும்.

மேற்கே கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகத் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி போனால் கதை வேறு. வரிவரியாக இருக்கும் நைஸ் பாறையை வெட்டிக்கொண்டு வெள்ளைக் குவார்ட்ஸ் (வெள்ளைக்கல்) நரம்புகள் போகின்றன. அவற்றில் பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த, மஞ்சளாக மின்னும் கனிமம்) மிகச் சிறு அளவில் தங்கமும் உண்டு. குறும்பர்கள் ஆற்று மண்ணை அரித்துத் தங்கம் எடுத்துவந்த பகுதி இது. மலபார் மாவட்டத்தில் இருந்த இந்தத் தென்கிழக்கு வயநாடு 1877-ல் நீலகிரியோடு சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த பிரோ ஸ்மித் 1880-ல் கொடுத்த அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் எகிறின, இரண்டு மூன்று ஆண்டில் எல்லாம் படுத்துவிட்டது. கல்லில் தங்கம் இருந்தது உண்மை. செலவுக்குக் கட்டுபடியாகும் அளவில் இல்லை. மிச்சமாக நின்றவை காட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் வாயைத் திறந்து கிடக்கும் பழைய குழிகள்.

நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

இந்த மாவட்டத்தில் பாதி வேலை இதுதான். காப்புக்காடு, முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காட்டிலிருந்து வரும் கல்லும் கனிமமும் வனப்பொருள். மோயார் பக்கம் நீலக் கயனைட் இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், அது புலிகள் காப்பகத்தின் வாசல் என்பதை நினைவில் வையுங்கள்.

தேயிலைத் தோட்டம் என்றாலே தனியார் நிலம் என்று எண்ணிவிடாதீர்கள். பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கத்து டான்டீ (அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்கள் குத்தகைக்கு விடப்பட்ட வன நிலம். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் ஜென்மம் நில (பழைய ஜென்மிகளின் பரம்பரை நிலம்) வழக்கு 1969-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இன்னும் முழுதாகத் தீராமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. பல தலைமுறையாகக் குடியிருப்பவர் கையிலும் பட்டா இல்லாமல் இருக்கலாம். அதனால் "எடுத்துக்கோங்க தம்பி" என்ற வாய்ச்சொல் போதாது. பட்டா, சிட்டாவைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். உரிமையாளரிடம் ஒரு தாளில் நான்கு வரி எழுதி வாங்குங்கள்: சர்வே எண், தேதி, "படிப்புக்காகச் சில கைமாதிரிக் கற்கள்" என்ற விவரம், கையெழுத்து. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் இந்தத் தாள்தான் பேசும். கல்லூரிக்கோ பள்ளிக்கோ நிறைய மாதிரி வேண்டுமென்றால், மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். கனிமத்தை எடுப்பதோடு ஏற்றிச் செல்வதும் சேர்த்து வைப்பதும் 1957-ம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் வருபவை. விற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் பிளாஸ்டிக் கவர் கட்டுகளோடு வராதீர்கள். துணிப்பையும் பழைய செய்தித்தாளும் கல்லுக்கு அதைவிட நல்லவை.

பழைய தங்கக் குழிகள்

உள்ளே போகாதீர்கள். வாய்க்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள். உண்ணிச்செடி மூடிக் கிடப்பதால் குழியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. விளிம்பே மக்கிய மண்தான், கால் வைத்தால் இறங்கும். கிடையாகப் போகும் சுரங்கத்தில் மரத்தாங்கிகள் எப்போதோ உளுத்துப்போயிருக்கும், காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டப் போனவர்கள் மண் சரிந்து இறந்திருக்கிறார்கள். கல் அரைத்த இடங்களின் மண்ணைக் கிளறுவதும் வேண்டாம். தங்கத்தைப் பிரிக்க அங்கே பாதரசம் புழங்கியிருக்கும். உண்ணிப் புதருக்குள் யானை நிற்பது கூடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை எட்டுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் தோட்ட ஓரத்தில் குனிந்து கல் பார்க்காதீர்கள்.

தேவாலா குவார்ட்ஸ் வேண்டுமென்றால் பட்டா நிலத்தில் கிணறு வெட்டிய மண்மேடு, வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிய இடம் இவையே போதும். அதே நரம்பு அங்கேயும் ஓடுகிறது.

எப்போது போவது

ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பர் நிலச்சரிவுகள் அந்தப் பக்கம்தான். சரிந்த இடத்தில் புதுக்கல் கிடக்கும் என்பது உண்மை. ஆனால் மழை நின்று இரண்டு வாரமாவது காயட்டும். வெட்டு முகத்தின் மேல்விளிம்பில் பிளவு தெரிந்தாலோ, நீர் கசிந்தாலோ, மரம் சாய்ந்து நின்றாலோ அடியில் நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

கருவிகள்

ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் கூர்மையாக இருக்கும் புவியியல் சுத்தியல், சுமார் 600 கிராம். எஸ்ட்விங் கம்பெனிச் சுத்தியல் வாங்க முடிந்தால் ஒரே இரும்பில் செய்த பிடி, கழன்று பறக்காது. அதோடு 2 பவுண்டு சம்மட்டி ஒன்று, 20 மி.மீ. அகல உளி ஒன்று. தச்சர் சுத்தியலால் உளியையோ பாறையையோ அடிக்கவே கூடாது. அதன் முகம் அந்த அடிக்குச் செய்யப்பட்டதல்ல, சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும்.

மற்றவை: 10 மடங்கு லென்ஸ், சிறு காந்தம், பேனாக்கத்தி, மெருகில்லாத பின்பக்கம் கொண்ட வெள்ளை டைல்ஸ் துண்டு, பெர்மனென்ட் மார்க்கர், மாஸ்கிங் டேப், நோட்டு, கையுறை, தலைக்கவசம், அட்டைப்பூச்சிக்கு உப்பு. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டு பாட்டிலில் 20 மி.லி. போதும். கடையில் கிடைக்கும் 30 சதவீத அமிலம் ஒரு பங்கை இரண்டு பங்கு தண்ணீரில் விடுங்கள். தண்ணீரை அமிலத்தில் விட்டால் கொதித்துத் தெறிக்கும்.

உடைக்கும் முறை

சார்னகைட் பிடிவாதமான கல். நடுவில் ஓங்கி அடித்தால் சுத்தியல் துள்ளித் திரும்பும், மணிக்கட்டு வலிக்கும், கல்லில் ஒரு வெள்ளைத் தழும்புதான் மிஞ்சும். விளிம்பு 90 டிகிரிக்குக் குறைவாக இருக்கும் மூலையைத் தேடுங்கள். கல்லைக் கெட்டியான இன்னொரு கல்மேல் அசையாமல் வையுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உள்ளே சம்மட்டியின் முகம் முழுதும் படும்படி அடியுங்கள். ஒரே கோட்டில் நான்கைந்து அடி விழுந்ததும் சத்தம் மாறும்: கணீரென்று இருந்தது மந்தமாகக் கேட்டால் உள்ளே பிளவு ஓடிவிட்டது என்று அர்த்தம். அப்போது அடியின் வேகத்தைக் குறையுங்கள். இல்லையென்றால் நல்ல பக்கமும் நொறுங்கும்.

கைமாதிரியின் அளவு சுமார் 10 × 7 செ.மீ., கனம் 3 செ.மீ. புதிய முகம் ஒன்று, மக்கிய தோல் ஒரு ஓரத்தில் கொஞ்சம், இரண்டும் இருந்தால் அந்த ஒரு துண்டே அந்த இடத்தின் கதையைச் சொல்லும். கார்னெட்டைத் தனியாகப் பிடுங்க முயலாதீர்கள். உள்ளே ஏற்கெனவே விரிசல் நிறைந்திருக்கும், உளி பட்டதும் பொடியாகும். தாய்ப்பாறையோடு சேர்த்து, கார்னெட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு உடையுங்கள். தனி மணி வேண்டுமென்றால் பாறை மணலாக உதிரத் தொடங்கிய மட்டத்தில் 2 மி.மீ. சல்லடை வைத்துத் தண்ணீரில் அலசுங்கள். அதற்கு மேலே செம்மண்ணில் கிடைப்பவை மக்கி, நகத்தால் கீறினாலே உதிரும் பழுப்பு உருண்டைகளாகத்தான் இருக்கும்.

தேவாலாக் கல்லில் எது எது

வெள்ளைக் குவார்ட்ஸில் துருப்பிடித்த கோடுகளும் ஓட்டைகளும் உள்ள துண்டைத் தேடுங்கள். பளிச்சென்ற பால்வெள்ளைக் கல் பார்க்க அழகு, உள்ளே ஒன்றுமிருக்காது. லென்ஸை ஓட்டைமேல் வைத்தால், சுவர்கள் நேர்கோட்டில் வெட்டியதுபோல் சதுரமாகத் தெரியும். பைரைட் கட்டி இருந்து கரைந்துபோன வெற்றிடம் அது. கந்தகம் போய், இரும்பு மட்டும் மஞ்சள் பழுப்புப் பொடியாகச் சுவரில் ஒட்டியிருக்கும். சில சதுரங்களுக்குள் முழு பைரைட் இன்னும் இருக்கும், முகங்களில் இணைகோட்டு வரிகளோடு. தங்கம் இருந்தால் அதுவும் இந்தத் துருப்பொடிக்குள் கண்ணுக்கு எட்டாத தூசியாகத்தான் இருக்கும். அதைத் தேடிக் கல்லைப் பொடியாக்குபவர் கையில் மாதிரியும் மிஞ்சாது, தங்கமும் மிஞ்சாது.

மஞ்சளாக மின்னுவதைப் பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். கத்தியால் கீறுங்கள்: பைரைட்டைக் கீற முடியாது, மோஸ் கடின அளவில் அது 6 முதல் 6.5. தாமிரம் கலந்த சால்கோபைரைட் 3.5 முதல் 4, எளிதாகக் கீறல் விழும், தூள் பறக்கும். தங்கம் தூளாகாமல் நசுங்கி வழியும். டைல்ஸில் தேயுங்கள்: முதல் இரண்டும் பச்சை கலந்த கருப்புக் கோடு, தங்கம் தங்கக் கோடே. காந்தத்தைக் காட்டுங்கள்: வெண்கல நிறத்தில் இருந்து காந்தத்துக்கு இழுபட்டால் அது பைரோடைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த இன்னொரு கனிமம். ஓடை மணலில் செதிலாக மிதந்து மின்னுவது காக்காப்பொன் (மைக்கா). ஊசி முனையால் அழுத்தினால் ஏடு ஏடாகப் பிரியும். அடிக்கும்போது பூண்டு வாடை வந்தால் ஆர்சனிக் கனிமம். அந்தத் துண்டை விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

சில துண்டுகளில் பச்சைக் கறை தெரியும். தாமிரம் கிடைத்துவிட்டது என்று குதிக்கும் முன் ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். மலகைட் என்ற பச்சைத் தாமிரக் கனிமம் என்றால் நுரைக்கும். தாமிரமில்லாத பச்சைக் கனிமங்களான குளோரைட்டும் எபிடோட்டும் சும்மா இருக்கும், பாசியும் அப்படியே. உறுதிசெய்ய, கறையைச் சுரண்டிய தூளை அமிலத்தில் கரைத்து, காற்றோட்டமான இடத்தில் அம்மோனியா சில சொட்டு விடுங்கள். ஆழ்ந்த நீலம் வந்தால்தான் தாமிரம். இந்த மலையில் பெரும்பாலும் வராது. நல்ல தாமிரக் கனிமம் வேண்டுவோர் தாமிரச் சுரங்கங்கள் உள்ள மலஞ்ச்கண்ட், கேத்ரி, சிங்பூம் பகுதிச் சேகரிப்பாளர்களிடம் மாற்றிக்கொள்வதே வழி.

கருப்பு இரும்புக் கற்களுக்கு டைல்ஸ் கோடு ஒன்றே போதும்: மேக்னடைட் கருப்பு, ஹெமடைட் செம்பழுப்பு, கீதைட் மஞ்சள் பழுப்பு.

எண் போடாத கல்லுக்கு மதிப்பில்லை

எடுத்த இடத்திலேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்தல்ல. மாஸ்கிங் டேப்பில் எண் எழுதிக் கல்லில் ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி, அதே எண்ணைத் தாளின் மேலும் எழுதுங்கள். நோட்டில் எண், தேதி, ஊர், தாலுகா, சர்வே எண், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை ஐந்து தசம இலக்கம் வரை, பாறையிலிருந்து உடைத்ததா கொட்டிய மண்ணில் பொறுக்கியதா, அனுமதி தந்தவர். கொட்டிய மண்ணென்றால் அது எங்கிருந்து லாரியில் வந்தது என்று டிரைவரிடம் கேட்டு எழுதுங்கள். குன்னூரில் கிடக்கும் ஜல்லி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்ததாக இருக்கலாம். வெறும் "ஹட்டி" (படுகர் ஊர்) என்று எழுதினால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே எந்த ஹட்டி என்று தெரியாது.

வீட்டில், கல்லின் அசிங்கமான பக்கத்தில் ஒயிட்னர் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் கருப்பு மையில் எண் எழுதி, மேலே நிறமில்லா நகப்பாலிஷ் பூசுங்கள். சீட்டு தொலையும், பொட்டு தொலையாது. பாறையை ஒப்பிட்டுப் பார்க்க இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் புக்கோஷ் இணையதளத்தில் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

துரு நீக்குதல்

சார்னகைட்டுக்கும் கார்னெட்டுக்கும் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். பைரைட் இல்லாத குவார்ட்ஸின் மஞ்சள் துருவுக்கு மட்டும் ஆக்சாலிக் அமிலம். இது விஷம்: கையுறை, கண்ணாடி, திறந்த வெளி, சமையலறைக்குத் தொடர்பில்லாத பிளாஸ்டிக் பாத்திரம்.

1. கல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மண்ணை முழுதும் போக்குங்கள். விரிசலுக்குள் தண்ணீர் முதலில் நிறைந்தால் அமிலம் ஆழமாக இறங்காது.
2. ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர்) 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரையுங்கள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் வெள்ளைப் படிவு கல்லில் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது.
3. முதலில் ஒரு சில்லை மட்டும் போட்டு ஒரு நாள் பாருங்கள்.
4. ஊட்டிக் குளிரில் வேலை மெதுவாக நடக்கும். மூன்று நாள் முதல் ஒரு வாரம். அவசரமென்றால் பாத்திரத்தை வெயிலில் வையுங்கள். அடுப்பில் ஏற்றாதீர்கள்: ஆவி நெஞ்சை எரிக்கும்.
5. அமிலத்தில் எத்தனை நாளோ, அத்தனை நாள் நல்ல தண்ணீரில், தினமும் மாற்றி.

கல்லில் எலுமிச்சை மஞ்சள் கறை புதிதாக வந்தால் அது இரும்பு ஆக்சலேட். பழைய அமிலத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தியதாலும் சரியாக அலசாததாலும் வருவது. புதுக் கரைசலில் ஒரு நாள் போட்டு நீண்ட நேரம் அலசுங்கள். தீர்ந்த அமிலத்தில் நீற்றுச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட்டால் வெள்ளைப் படிவாக இறங்கும். ஓடையில் ஊற்றாதீர்கள். கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்), மலகைட் உள்ள கல்லை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பைரைட் நோய்

நீலகிரிச் சேகரிப்பாளரின் உண்மையான எதிரி இதுதான். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறத் தொடங்கும். மழைக்காலத்தில் ஊட்டி வீட்டுக்குள் 90 சதவீதம் சாதாரணம். பெட்டியைத் திறந்ததும் தீக்குச்சி போன்ற வாடை, பைரைட்டைச் சுற்றி வெள்ளை அல்லது மஞ்சள் பொடி, சீட்டின் ஓரம் பழுப்பாகக் கருகியிருப்பது, அட்டைப்பெட்டியின் அடி உதிர்வது: இதுதான் அறிகுறி. பைரோடைட் இன்னும் வேகமாகக் கெடும். கல் பிளந்து போவதோடு, பக்கத்தில் இருக்கும் கால்சைட்டையும் அமிலம் தின்னும்.

பொடி கண்டால் கழுவாதீர்கள். தண்ணீர் அமிலத்தை விரிசலுக்குள் கொண்டுபோகும். காய்ந்த பிரஷால் துடைத்துவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சிறு கிண்ணம் அம்மோனியாவோடு, திரவம் கல்லில் படாமல், ஒரு நாள் வையுங்கள். ஆவி அமிலத்தைச் சமன்படுத்தும். பொடி பழுப்பாக மாறினால் வேலை நடந்திருக்கிறது. மொட்டைமாடியில் திறந்து காற்றாட விட்டு, 50 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் உலர்த்துங்கள். கெட்டுப்போன பகுதி திரும்ப வராது, பரவுவது நிற்கும்.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். பைரைட் உள்ள கல்லைத் தண்ணீரில் ஊறவைக்காமல் துலக்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் முக்கி உடனே உலர்த்துங்கள். ரப்பர் விளிம்புள்ள டப்பாவில், ஐந்து லிட்டருக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, கூடவே சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வையுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் மின் ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடி உழைக்கும். மே மாதக் கடைசியில் ஒருமுறை காயவைத்துவிட்டால் தென்மேற்குப் பருவமழையின் முதல் பாதியைத் தாங்கும். ஆகஸ்டில் இன்னொரு முறை பாருங்கள்.

மற்றக் கற்களுக்கு இரும்பு அலமாரியே நல்லது. புது மரப்பலகையும் பிளைவுட்டும் அமில ஆவி விடும், அட்டைப்பெட்டியில் பூஞ்சை பிடிக்கும். கல்லுக்கடியில் துணி போடாமல் தடித்த வெள்ளைத் தாள் போடுங்கள். உதிரும் பொடி உடனே கண்ணில் படும்.